ஆசிட்டில் போட்ட எலும்பு

மாஸ்டர் சிடுசிடுப்பதற்குத் தனியாகக் காரணம் ஒன்றும் வேண்டியதில்லை. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற மனிதர். இருபத்திரண்டு வருஷமாகத் தினம் ஐந்தாறு பேர் அவரைக் கொல்லப் பார்க்கிறார்கள். அவரும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் தனக்கென்று பொருத்தி வைத்திருக்கிற பிரேக்கை மிதித்து மிதித்து, உயிரோடு வீடு வந்து சேர்கிறார். "அம்மா, அது மரம். மரம் நகராது. நீங்கதான் நகரணும்" என்று அவர் கத்துவது தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

என் ஜெராக்ஸ் கடைக்கும் அவருடைய ஸ்கூலுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் மேட்டில் நிற்கிற வண்டியை எப்படிப் பின்னால் உருளாமல் எடுப்பது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஸ்கூலுக்குப் பின்பக்கம் இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும். அதுதான் அவர்கள் வீடு. மாஸ்டர் சம்சாரத்தை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பாதி நாள் மத்தியானச் சோறு எனக்கு அங்கேதான். பதிலுக்கு அந்த வீட்டுக் காகிதங்கள் எல்லாம் என் தலையில். விண்ணப்பம் நிரப்புவது நான், ரசீதைப் பத்திரப்படுத்துவது நான், மெயில் வருவதும் என் முகவரிக்குத்தான். அதனால்தான் இந்த விஷயத்தில் நான் மூக்கை நுழைக்க வேண்டி வந்தது.

இன்னொருத்தனையும் சொல்ல வேண்டும். அண்ணியின் தம்பி. ஸ்கூலின் இரண்டாவது வண்டி அவன் கையில். சிவப்பு விளக்கு எரியும்போதே ஹாரன் அடிக்கிறவன். அதனால் தெருவே அவனை ஹாரன் என்றுதான் கூப்பிடும். சோறு வேகும் முன் தட்டோடு உட்காருவான். நான் ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தால், பாதி வெளியே வந்த காகிதத்தைப் பிடித்து இழுப்பான். என் மெஷின் மூன்று தடவை சிக்கிக்கொண்டது அவனால்தான்.

போன வெயில் காலத்தில் மாஸ்டருக்கு வலது பாதம் வலிக்க ஆரம்பித்தது. பிரேக் மிதிக்கிற கால். "இத்தனை பேரைக் காப்பாத்தின கால், வலிக்காம என்ன பண்ணும்" என்று தைலத்தைத் தடவிக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினார். பகல் முழுக்கக் காருக்குள் வெந்துவிட்டு, சாயங்காலம் இறங்கும்போது ஷூவைக் கழற்ற முடியாது. அண்ணி பக்கெட்டில் வெந்நீர் வைத்து உப்பைக் கொட்டுவார். மாஸ்டர் காலை அதில் விட்டுக்கொண்டு அன்றைக்கு வந்த மாணவர்களை ஒவ்வொருவராகத் திட்டி முடிப்பார். ஒரு நாள் திட்டாமல் சும்மா உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் அண்ணி பயந்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

எக்ஸ்ரேயில் பாதத்து எலும்பு மூன்றில் கரையான் அரித்த மாதிரி ஓட்டை. எலும்பு டாக்டர் சின்ன வயசுக்காரர், சுறுசுறுப்பானவர். தடித்த ஊசி ஒன்றை எலும்புக்குள் திருகி, தீக்குச்சி நீளத்துக்குத் துண்டுகள் எடுத்தார். மரத்துப்போக ஊசி போட்டும் மாஸ்டர் போட்ட கூச்சலில் அடுத்த அறையில் இருந்தவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாராம்.

"எலும்புங்க. ரிசல்ட் வர நாளாகும், பதினஞ்சு நாளாவது" என்று கீழ்த்தளத்து லேபில் சொல்லி அனுப்பினார்கள்.

நாளாகும் என்பதை ஹாரன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஐந்தாம் நாளே ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"பார்த்தீங்களா! பதினஞ்சு நாள்னாங்க. நான் விடுவேனா? போன் மேல போன். அஞ்சே நாள்ல வாங்கிட்டேன்."

அண்ணி அன்றைக்கு அவனுக்கு இரண்டு முட்டை பொரித்துப் போட்டார். நான் சாப்பிட்டுக்கொண்டே ரிப்போர்ட்டைப் பிரித்தேன். ஆஞ்சியோசர்கோமா என்று போட்டிருந்தது. ரத்தக் குழாயின் செல்லிலிருந்து எலும்புக்குள் வருகிற புற்று. எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணி என் முகத்தையே பார்த்தார்.

"என்னப்பா? வாயில வெச்சதை முழுங்கிட்டுச் சொல்லு."

சொன்னேன்.

மறுநாள் எலும்பு டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், பன்னிரண்டாம் தேதி நாள் கொடுக்கிறேன் என்றார். மாஸ்டர், "அப்புறம் நான் எதால பிரேக் பிடிக்கிறது?" என்று கேட்டார். டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

காலை எடுக்கிற கேஸ் எதுவானாலும், எலும்பைச் சீவி ஒட்டிய கண்ணாடித் தகடுகளை இன்னொரு டாக்டரும் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது அந்த ஆஸ்பத்திரி வழக்கமாம். லீவு முடிந்து வந்த பெரிய டாக்டரம்மா எட்டாம் தேதி எங்களைக் கூப்பிட்டனுப்பினார். நோயாளிகளையே பார்க்காமல் மைக்ராஸ்கோப்பை மட்டும் பார்த்து முடி நரைத்தவர். மெதுவாகப் பேசினார். மாஸ்டருக்கு அதுவே எரிச்சல்.

"எனக்கு இது சரியாப் படலை" என்றார் டாக்டரம்மா. "செல்லு கொழுகொழுன்னு பயமுறுத்தற மாதிரிதான் இருக்கு. அதைப் பார்த்துத்தான் அப்படி எழுதியிருக்காங்க. ஆனா கெட்டது இவ்வளவு ஒழுங்கா நிக்காது."

"அப்ப காலை எடுக்க வேண்டாமா?" என்றார் அண்ணி.

"அதைத்தான் இப்ப சொல்ல முடியலைங்கறேன்."

"ஏங்க, லெஃப்ட்டா ரைட்டா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்றார் மாஸ்டர். "நட்டநடுவுல வண்டியை நிறுத்தினா பின்னால வர்றவன் மோதுவான்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ஒரு தாளை எடுத்து மூன்று வட்டம் போட்டார். எலும்புக்குள் இப்படி ரத்தக் குழாய்க் கட்டிகள் வருவதே அபூர்வம், வந்தால் மூன்று நான்கு வகை, கண்ணால் பார்க்க எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் என்றார். ஒன்று ஹெமாஞ்சியோமா. இருக்கிற இடத்தில் ஓட்டை போடும், ஆளைக் கொல்லாது. இன்னொன்று ஹெமாஞ்சியோஎண்டோதீலியோமா. அது இரண்டுங்கெட்டான். மூன்றாவதுதான் ரிப்போர்ட்டில் போட்டிருக்கிற ஆஞ்சியோசர்கோமா.

"பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள ஆளு போயிடுவான் போலிருக்கே" என்று மாஸ்டர் முணுமுணுத்தார்.

"உள்ள இருக்கற ஜீனைப் பார்த்தா மாட்டிக்கும்" என்றார் டாக்டரம்மா. "இந்தக் கட்டிகள்ல ரெண்டு ஜீன் அறுந்து, இதோட பாதி அதோட பாதியில ஒட்டிக்கும். எது எதோட ஒட்டியிருக்குன்னு தெரிஞ்சா நோய்க்குப் பேர் வெச்சிடலாம். ஃபாஸ்னு ஒரு ஜீன். அது அறுந்து ஒட்டியிருந்தா இது முதல் வகை. சுரண்டி எடுத்தாப் போதும், கால் தங்கும். வேற ஜோடின்னா ரெண்டாவது. அப்ப வேற மாதிரி யோசிக்கணும்."

"எதுவுமே ஒட்டலைன்னா?" என்று நான் கேட்டேன்.

"அப்ப என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. முதல் வகையிலயும் சிலதுல ஒண்ணும் ஒட்டியிருக்காது. ஒட்டியிருந்தா நிச்சயம். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

வெளியே வந்ததும் அண்ணி, "ஒண்ணும் புரியலை, நீ சொல்லு" என்றார். ஒருத்தன் விண்ணப்பத்தையும் இன்னொருத்தன் விண்ணப்பத்தையும் பாதியாகக் கிழித்து, இவன் பேரும் அவன் கையெழுத்துமாக ஒட்டி ஒரே தாளாக ஜெராக்ஸ் எடுத்த மாதிரி என்றேன். எந்த இரண்டு தாள் என்று கண்டுபிடித்தால் திருடன் யார் என்று தெரிந்துவிடும்.

"அப்படிக்கூட வருவாங்களா உன் கடைக்கு?" என்றார் அண்ணி.

பன்னிரண்டாம் தேதி தள்ளிப்போனது. லேபில் மிச்சமிருந்த எலும்புத் துண்டு ஜீன் டெஸ்டுக்குப் போனது. ஒன்பது நாள் கழித்து என் மெயிலில் பதில் வந்து விழுந்தது. ஒரே வரி. அனுப்பிய எலும்பு மாதிரி சோதனைக்குத் தகுதியற்றது.

நானும் அண்ணியும் போய் டாக்டரம்மா முன்னால் நின்றோம். அவர் எங்களைக் கூட்டிக்கொண்டு கீழ்த்தளத்து லேபுக்கே போனார். தாழ்வான நீள அறை. மூக்கைப் பிடுங்குகிற மருந்து நெடி. அலமாரி நிறைய மூடி போட்ட சின்னச் சின்ன டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் யாரோ ஒருத்தருடைய ஏதோ ஒரு துண்டு. அங்கே வேலை பார்க்கிற அம்மாவுக்கு நாற்பது வயசு இருக்கும். மெழுகுக் கட்டியை மெஷினில் பொருத்தி, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவிக்கொண்டிருந்தார். சீவியதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டுத் தகட்டில் ஏந்துகிற வேலை. கை நடுங்காமல் அதை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"இந்த எலும்பை எதுல ஊறப்போட்டே?" என்று டாக்டரம்மா கேட்டார்.

லேபம்மா எங்களைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "ஆசிட்லங்கம்மா."

"ஏன்?"

"எலும்புன்னா மெதுவான மருந்துல பதினஞ்சு நாள் போடணும்னு எனக்குத் தெரியாதாம்மா? நீங்க லீவுல இருந்தீங்க. இவங்க ஆளு ஒருத்தர் ஒரு நாளைக்கு ஏழு தடவை, எட்டு தடவை போன். 'எங்க மாமா செத்துக்கிட்டு இருக்காரு, நீங்க ஊறப்போட்டுட்டு உக்காந்திருக்கீங்களா'ன்னு. மேலதிகாரிகிட்ட போய்ப் புகார் சொல்லிட்டாரு. அவர் வந்து என் தலைக்கு மேல நிக்கறாரு. ஆசிட்ல போட்டா ரெண்டு நாள். போட்டேன்."

எலும்பை அப்படியே சீவ முடியாதாம். உள்ளே இருக்கிற சுண்ணாம்பு கரைந்து, ரப்பர் மாதிரி ஆக வேண்டும். ஆசிட் அதைச் சட்டென்று செய்துவிடும். செல்லின் உருவமும் ஓரளவு நிற்கும். ஆனால் உள்ளே இருக்கிற ஜீன் எழுத்தெல்லாம் சுக்குநூறாகிவிடும். அதைத்தான் படிக்க முடியவில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

"இன்னொரு தடவை துண்டு எடுத்தாகணும்" என்றார் டாக்டரம்மா.

அண்ணி எனக்கு முன்னால் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார். வீட்டு வாசலில் ஹாரன் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, லேபுக்கு எத்தனை தடவை போன் பண்ணினே?"

"எண்ணவே இல்லக்கா. ஏன், மறுபடியும் பண்ணணுமா?" என்றபடி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான்.

அண்ணி அந்தக் கழுவுகிற துணியைப் பிடுங்கி அவன் முகத்திலேயே விட்டெறிந்தார். அழுதுகொண்டே திட்டினார். விஷயம் புரிந்ததும் ஹாரன் பக்கெட் பக்கத்தில் அப்படியே குந்திவிட்டான். "நான் மாமாவுக்காகத்தானேக்கா பண்ணினேன்" என்று மறுபடி மறுபடி சொன்னான். அதில் பொய் ஒன்றும் இல்லை. எனக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் நாலு சாத்து சாத்திவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம்.

மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போதும்" என்றார். "இன்னொரு தடவை என் கால்ல யாரும் திருகக் கூடாது. எடுத்துடச் சொல்லு. வலியும் போகும், இந்த அலைச்சலும் போகும்."

அந்த நேரம் பார்த்து எலும்பு டாக்டரும் போன் பண்ணினார். மறுபடி துண்டு எடுத்து, ஊறவைத்து, டெஸ்டுக்கு அனுப்பி, பதில் வர ஒரு மாதம் ஆகும். அது கெட்ட வகையாக இருந்தால் அந்த ஒரு மாதத்தில் நுரையீரலுக்குப் போய்விடும். என் வேலை சொல்வது, முடிவு உங்களுடையது என்றார். மாஸ்டர் போனை வைத்துவிட்டு, ஆபரேஷனுக்குச் சம்மதம் என்கிற படிவத்தை என் கையில் நீட்டினார்.

"நிரப்புடா."

நிரப்பினேன். பேர், வயசு, வலது கால், முழங்காலுக்குக் கீழே. எத்தனையோ படிவம் நிரப்பியிருக்கிறேன். அந்த ஒன்றில் மட்டும் என் எழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. நோயாளி கையெழுத்துக்குக் கீழே மனைவி கையெழுத்துக்கு ஓர் இடம் இருந்தது. மாஸ்டர் போட்டுவிட்டு அண்ணி பக்கம் தள்ளினார்.

"நான் போட மாட்டேன்" என்றார் அண்ணி.

"என்னது?"

"இருபது வருஷமா நீங்க நீட்டின காகிதத்துல எல்லாம் படிக்காம போட்டிருக்கேன். இதுல போட மாட்டேன்."

"டாக்டர் சொன்னது கேட்டுச்சில்ல? ஒரு மாசத்துல அது மேல ஏறிடுச்சுன்னா? அப்ப நான் காலோட போய்ச் சேர்ந்தா உனக்குச் சந்தோஷமா?"

"ஏறிடுச்சுன்னா அந்தப் பழியை நான் சுமந்துக்கறேன். நல்ல காலை வெட்டிட்டு, அது தேவையே இல்லைன்னு அப்புறம் ஒருத்தன் சொன்னா அதை யார் சுமக்கறது? நீங்களா? ஒரு டீ ஆறிப்போனாலே மூணு நாள் பேசறவரு நீங்க. ஆயுசுக்கும் அதைக் கேட்டுக்கிட்டு என்னால இருக்க முடியாது."

"அந்தம்மாவே சொல்லிட்டாங்க, ஒட்டலைன்னா ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு. அப்ப இந்த ஒரு மாசமும் தண்டம்தானே!"

"தண்டமாப் போகட்டும்."

"ஏய், கால் என்னோடதுடி!"

"கத்துங்க. நல்லாக் கத்துங்க. கத்தி முடிச்சிட்டு வந்து துளை போட்டுக்குங்க."

மூலையில் நின்றிருந்த ஹாரன் மெல்ல முன்னால் வந்தான். "மாமா, சொந்தக்காரங்க யார் வேணா போடலாம்னு கீழ எழுதியிருக்கு. அக்காவுக்குக் கஷ்டமா இருந்தா நான் போடறேன். சீக்கிரமா முடிஞ்சிடும்."

நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் அவன் மேல் பாய்ந்தோம். மாஸ்டர் திட்டிய திட்டைக் காகிதத்தில் எழுத முடியாது. அரை மணி நேரத்துக்கு முன் வெட்டிப் போடச் சொன்ன மனிதர், "என் காலை எடுக்கறதுல உனக்கென்னடா இவ்வளவு அவசரம்?" என்று அவனைப் பிடித்து உலுக்கினார். ஆனாலும் துளை போட்டுக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் மழை. வெயில் காலம் அன்றைக்குத்தான் முடிந்தது. கூரைத் தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் பேசுவதே காதில் விழவில்லை. குடையோடு லேபம்மா வந்து நின்றார். கேஸ் காகிதத்தில் இருந்த விலாசத்தைப் பார்த்து, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். அண்ணி துண்டும் டீயும் கொடுத்தார். மாஸ்டர் திரும்பிப் பார்க்காமல், "யாரு, ஆசிட்காரம்மாவா?" என்றார்.

"ஆமாங்க. நான்தான்."

"செய்யறதைச் செஞ்சிட்டு மழையில வேற நனைஞ்சு வந்திருக்கீங்களே. நான் உங்களை மன்னிக்கணுமாக்கும்?"

"மன்னிக்க வேண்டாங்க. இன்னொரு தடவை துண்டு கொடுங்க. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"எதுக்கு? மறுபடியும் கரைக்கவா?"

லேபம்மாவுக்கும் பொறுமை போய்விட்டது. "சார், நான் பதினெட்டு வருஷமா இந்த வேலை பார்க்கறேன். மேல டாக்டருங்க பேரு எல்லாருக்கும் தெரியும். கீழ ஒருத்தி எலும்பை ஊறப்போட்டுச் சீவறாங்கறது யாருக்கும் தெரியாது. ரிப்போர்ட் லேட்டுன்னாதான் நான் இருக்கறதே ஞாபகம் வரும். எல்லாரும் சீக்கிரம் சீக்கிரம்னுதான் கேக்கறாங்க. சரியா வேணும்னு ஒருத்தரும் கேட்டதில்லை. நான் முடியாதுன்னு சொல்லியிருக்கணும். சொல்லலை. தப்பு என்னோடதுதான். இந்தத் தடவை யார் வந்து தலைகீழா நின்னாலும் ஆசிட் பாட்டிலைத் தொட மாட்டேன். பதினாறு நாள். ஒரு நாள் குறைக்க மாட்டேன்."

மாஸ்டர் அப்போதுதான் முகத்தைத் திருப்பினார். அவரிடம் இப்படிப் பேசுகிற ஆள் அபூர்வம். மாணவர்கள் எல்லாம் ஸாரி மாஸ்டர், ஸாரி மாஸ்டர் என்றே காலத்தை ஓட்டுகிறவர்கள்.

"டீயைக் குடிங்க, ஆறுது" என்றார். பிறகு அண்ணியைப் பார்த்து, "உன் தம்பி போனைப் பிடுங்கி ஜெராக்ஸ்காரன்கிட்ட கொடு. பதினாறு நாளும் அது அவன் டிராயர்ல இருக்கணும்" என்றார்.

இரண்டாவது தடவை துளை போட்டபோதும் கூச்சலுக்குக் குறைவில்லை. அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் மோசம். மழை விடாமல் பெய்தது. மாஸ்டரால் வண்டியில் ஏற முடியாது. ஸ்கூல் அறையில் காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு, சுவரில் மாட்டிய சாலைக் குறிகளைக் குச்சியால் தட்டித் தட்டிப் பாடம் எடுத்தார். இருமல் வந்தால் போதும், அண்ணி அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து அவர் முகத்தைப் பார்ப்பார். "தூசிடி. ஒண்ணும் நுரையீரல்ல இல்லை, போ" என்று இவர் எரிந்து விழுவார். ராத்திரியில் அண்ணிக்குத் தூக்கமில்லை என்பது காலையில் கண்ணைப் பார்த்தாலே தெரியும். கையெழுத்துப் போட்டிருந்தால் பழி டாக்டர் மேல். இப்போது ஒவ்வொரு நாளும் அவர் கணக்கில்தான் கழிந்தது.

ஹாரனோ போனில்லாமல் கூண்டில் அடைத்த மாதிரி சுற்றினான். ஒன்பதாம் நாள் ஆளைக் காணோம். நேரே லேபுக்குப் போய் நின்றிருக்கிறான். "சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன். ஊறிடுச்சா?" என்று கேட்டானாம். லேபம்மா நாற்காலியைப் போட்டு உட்காரவைத்து, டப்பாவை முன்னால் வைத்து, "பாருங்க. உங்க மாமா எலும்புதான். நீங்க முறைச்சா சீக்கிரம் ஊறுதான்னு பார்க்கலாம்" என்றாராம். அவனும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தான். அன்றைக்கு ராத்திரி சோறு வேகும் வரைக்கும் தட்டை எடுக்கவில்லை.

இருபத்தொன்பதாம் நாள் காலை மெயில் வந்தது. நான் திறந்து படித்தேன். மறுபடி படித்தேன். பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு பக்கத்துக்கு ஓடினேன். மாஸ்டர் ஒரு டீச்சரம்மாவுக்கு வட்டச் சாலையில் யாருக்கு முதல் வழி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், ஃபாஸ். ஃபாஸ் ஒட்டியிருக்கு."

"வெச்சிட்டுப் போ. இந்தம்மா இன்னும் ரவுண்டானாவை விட்டே வெளிய வரலை."

சொல்லிவிட்டுக் குச்சியைத் தூக்கினார். குச்சி ரவுண்டானாவை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த குறியைத் தட்டியது. டீச்சரம்மா எழுந்து, "நாளைக்கு வர்றேன் மாஸ்டர்" என்று போய்விட்டார். பின்னால் சமையல்கட்டில் அண்ணியிடம் சொன்னேன். அண்ணி ஈரக் கையோடு சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தார். சந்தோஷப்படுகிற முகமே இல்லை. ஒரு மாதமாக நின்றுகொண்டே இருந்த ஒருத்தரை யாரோ உட்காரச் சொன்ன மாதிரி இருந்தது.

மூன்று ஓட்டைகளையும் சுரண்டி எடுத்து அடைத்தார்கள். ஐந்து மாதத்தில் மாஸ்டர் ஊன்றுகோலை விட்டார். பழைய கோபமும் முழுசாகத் திரும்பி வந்தது. தெருவுக்கே அதில் ஒரு நிம்மதி.

ஆறாம் மாதம் மறுபரிசோதனைக்கு நான் கூடப் போனேன். எல்லாம் சுத்தம் என்றார்கள். பெரிய டாக்டரம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று போனோம். மாஸ்டர் வழக்கம்போல் குடைந்தார்.

"ஒருவேளை அது அந்தக் கெட்டதாவே இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"இந்நேரம் நெஞ்சு ஸ்கேன்லயே தெரிஞ்சிருக்கும். காலை எடுத்தாலும் பெரும்பாலும் ரெண்டு வருஷம் தாண்டறதே கஷ்டம்" என்றார் டாக்டரம்மா. "இந்த ஜீன் டெஸ்டே நம்ம ஊருக்குப் புதுசு. போன வருஷம் வரைக்கும் கண்ணால பார்க்கறதுதான் முடிவு."

மருந்துச் சீட்டு வாங்கத் தாழ்வாரத்து பெஞ்சில் காத்திருந்தோம். பக்கத்தில் மாஸ்டர் வயசுக்காரர் ஒருவர், மகளோடு. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பொய்க்காலை மடியில் வைத்து, அதன் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தார். பஸ் கண்டக்டராக இருந்தவராம்.

"உங்களுக்கு என்ன பிரச்சினைங்க?"

"கால் எலும்புல கட்டி" என்றார் மாஸ்டர்.

"எனக்கும் அதேதாங்க. பாதத்துல ரெண்டு எலும்புல ஓட்டை. ஆஞ்சியோசர்கோமான்னு பேரு. அதுல பிழைக்கறவங்களே கிடையாதாம். எனக்கு ஆறு வருஷம் ஆச்சு. நெஞ்சு சுத்தம், எல்லாம் சுத்தம். டாக்டருங்களே ஆச்சரியப்படறாங்க."

"சரியான நேரத்துல காலை எடுத்ததாலதாங்க அப்பா எங்களுக்குக் கிடைச்சாரு" என்றாள் மகள். "நாங்க டாக்டரைக் கும்பிடாத நாளில்லை."

ஆறு வருஷம். பாதத்தில் இரண்டு எலும்பு. நெஞ்சில் ஒன்றும் இல்லை. கண்ணால் மட்டும் பார்த்து வைத்த பேர். "ஏங்க, நீங்க அந்த ஜீன்..." என்று ஆரம்பித்தேன். மாஸ்டர் என் தொடையைப் பிடித்துக் கிள்ளினார். உயிர் போகிற வலி.

வாயை மூடத் தெரியாத மனிதர். ஆறிய டீக்கு மூன்று நாள் பேசுகிறவர். அவருக்கும் கணக்கு தெரிந்துவிட்டது என்பது அந்தக் கிள்ளலில் தெரிந்தது.

"உங்களுக்கு எப்படிங்க காலை எடுக்காம விட்டாங்க?" என்று கண்டக்டர் கேட்டார். பொறாமையாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மாஸ்டர் தன் வலது காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"என்னோடது வேற நோய்ங்க" என்றார். "உங்களுக்கு வந்தது மாதிரி இல்லை. உங்களை நல்ல நேரத்துல காப்பாத்தியிருக்காங்க."

பிறகு குனிந்து அந்தப் பொய்க்காலை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, இறுக வேண்டிய இடத்தில் வாரை இறுக்கிக் கொடுத்தார்.